காருக்குப் பூசிய கண்ணாடி

எங்கள் வீட்டு மொட்டை மாடியில் காலையில் வெறுங்காலோடு நடந்தால் பாதம் கறுத்துவிடும். கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்குகிற கம்பெனிகளுக்கு இரண்டு தெரு தள்ளி எங்கள் வீடு. ராத்திரியில் விழுகிற தூளைக் கூட்டுவது, குடத்தை மூடி வைப்பது, கொடியில் காய்ந்த துணியை உதறி மடிப்பது, இதெல்லாம் வாசல் தெளிப்பதைப் போல ஒரு வேலை, அவ்வளவுதான். யாரும் அதைப் பற்றிப் பேச மாட்டோம். எங்கள் வீட்டில் ஒரு வருஷம் அந்தப் பேச்சாகவே இருந்தது என்றால், அது கார் வந்ததனால்தான்.

என் வீட்டுக்காரர் அந்தக் கம்பெனிகளில் ஒன்றில் கிரேன் ஓட்டினார். அங்கே ஆபீசர்களின் கார் நிற்கத் தகரக் கொட்டகை உண்டு. வேலையாட்களின் சைக்கிள் வெட்டவெளியில் நிற்கும். துருப்பிடிக்காத ஹேண்டில் பாரை நான் எங்கள் தெருவில் பார்த்ததில்லை. ரிடையர் ஆனதும் முதல் வேலையாக ஒரு சின்ன வெள்ளைக் கார் வாங்கினார். புதுசு. கார் ஓட்டக் கற்றுக்கொண்டதே அதற்கு அப்புறம்தான்.

அப்போதே அவருக்கு இருமல் வந்துவிட்டது. நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், தூசி இல்லாத இடமாகப் பார்த்துப் போய்விடுங்கள் என்றார். பொன்னேரிக்குப் பக்கத்தில் என் மகள் வீடு இருக்கிறது. சுற்றிலும் நெல் வயல். மாடியில் ஓர் அறை சும்மா கிடக்கிறது, வந்துவிடுங்கள் என்று அவளும் கூப்பிட்டாள். எனக்குப் போக வேண்டும் என்றுதான் இருந்தது. ஆனால் எனக்கு எதையும் எடுத்துப் பேச வராது. ஐந்தாவதோடு நின்றவள், வெளியாட்கள் வந்தால் கதவுக்குப் பின்னால் நிற்கிறவள். அவரோ, மருமகன் வீட்டில் போய் உட்கார்ந்து சோறு தின்ன மாட்டேன் என்றார்.

எளாவூர் போகிற ஹைவே ஓரத்தில் கார் கழுவிப் பாலிஷ் போடுகிற கடை ஒன்று இருக்கிறது. அதை நடத்துகிற தம்பி நல்ல பிள்ளை. புதுக் காரைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, “செராமிக் கோட்டிங் போட்டுடுங்க பெரியவரே. பெயிண்ட் மேல கண்ணாடி மாதிரி ஒரு லேயரு குந்திக்கும். தண்ணி நிக்காது. அழுக்கு அவ்ளோ சீக்கிரம் புடிக்காது” என்றான்.

“நம்மூரு தூளுக்கு நிக்குமா?”

“பாத்துக்கினா நிக்கும்.”

அந்த ஒரு வார்த்தைக்கு இவர் போட்டுவிட்டார். கோட்டிங் காய ஒரு வாரம் ஆகும், அதுவரை தண்ணீர் படக் கூடாது, எதுவும் பூசக் கூடாது என்று சொல்லியனுப்பினான். நான் சந்தனமும் குங்குமமும் குழைத்துக்கொண்டு போனேன். இவர் குறுக்கே வந்து நின்றுகொண்டார். கடைசியில் நான்கு டயருக்கும் பொட்டு வைத்துவிட்டு வந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். காரைப் பார்த்துவிட்டு உள்ளே வந்து அப்பாவின் எதிரில் உட்கார்ந்தாள்.

“நைனா, ஒனக்கு மாஸ்க் போடுன்னா மூச்சு முட்டுதுன்ற. காருக்கு மட்டும் கோட்டிங்கா?”

“காரு நான் பாத்து வாங்குனது. இந்த ஒடம்பு தானா வந்தது.”

“வெளையாடாத நைனா. காரையும் எடுத்துக்கினு வா. அங்க தூளும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. அம்மா, நீயாவது சொல்லேன்.”

நான் தரையைப் பார்த்தேன். அவர் சிரித்துக்கொண்டே ஒரு பேச்சு சொன்னார். சிரித்தாலும் அது பந்தயம்தான் என்று எனக்குத் தெரிந்தது.

“ஒரு வருசம் போவட்டும். இந்தக் காரு பெயிண்ட்ல ஒரு புள்ளி உழுந்தா நான் ஒன் ஊட்டுக்கு வரேன். உழலன்னா என்ன இங்கயே உட்ருங்க. தூளு ஒண்ணும் பண்ணாது, பாத்துக்கறதுல இருக்குது எல்லாம்.”

அன்றிலிருந்து அந்தக் காரின் மேல் பட்ட வெயிலைக்கூட நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் புள்ளி விழுந்தால் நாங்கள் கிளம்பலாம். விழாவிட்டால் இங்கேயேதான்.

அவர் பார்த்துக்கொண்டதைச் சொல்ல வேண்டும். எங்கள் போர் தண்ணீரில் உப்பு. காய்ந்தால் வெள்ளை வெள்ளையாக வட்டம் நிற்கும். அதனால் குடிக்க வாங்குகிற கேன் தண்ணீரில்தான் காரைக் கழுவுவார். பஞ்சு போல ஒரு துணி, அதை வேறு எதற்கும் தொடக் கூடாது. கழுவும்போது தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடும். அதை எனக்குக் கூப்பிட்டுக் காட்டுவார். பார்க்க அழகாகத்தான் இருக்கும். பாதி கழுவியதும் இருமல் வந்து, கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பார். தணிந்ததும் மறுபாதி.

பக்கத்து வீட்டு அம்மா சும்மா இருப்பாளா? “இன்னாக்கா, காருக்கு கேன் தண்ணி, ஒனக்கு போரு தண்ணியா? காரா பொறக்காம இந்த ஜென்மத்துல தப்பிப் பொறந்துட்ட நீ” என்பாள். நான் சிரித்துவிட்டு உள்ளே வந்துவிடுவேன்.

கையில் பாலித்தீன் கவரை மாட்டிக்கொண்டு காரின் மேல் தடவிப் பார்க்கிற வித்தையைக் கடைக்காரத் தம்பி இவருக்குச் சொல்லியிருந்தான். வெறுங்கையில் தெரியாததெல்லாம் அதில் தெரியுமாம். மழைக்காலம் முடிந்ததும் இவர் தடவினார். கவரைக் கழற்றிப் படியில் வைத்தார். அவர் உள்ளே போனதும் நானும் கவரை மாட்டிக்கொண்டு தடவினேன். ரவை கொட்டின தாம்பாளத்தைத் தடவுகிற மாதிரி இருந்தது. கண்ணுக்கோ பளபளவென்று வெள்ளை.

“இன்னாங்க, நரநரங்குதே.”

“மேல குந்தினுகிற தூளும்மே. பெயிண்ட்ல இல்ல. வருசம் முடியட்டும், கடைல கழுவுனா போய்டும்.”

வருஷம் முடிந்ததும் கடைக்குப் போனோம். என்னையும் வா என்றார். சாட்சிக்குக் கூப்பிட்டாரோ என்னவோ. வழக்கமாகக் காரிலேயே உட்கார்ந்திருப்பேன், அன்றைக்கு இறங்கி அவர் முதுகுக்குப் பின்னால் நின்றேன்.

தம்பி முதலில் வெறும் தண்ணீரில் கழுவினான். பிறகு ஒரு பாட்டிலில் தண்ணீர் மாதிரி ஒரு மருந்தை எடுத்து கார் முழுக்கத் தெளித்தான். அழுகின முட்டை நாற்றம். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் வெள்ளைக் காரின் மேல் புள்ளி புள்ளியாக ஊதா நிறம் கிளம்பியது. ஒவ்வொரு புள்ளியும் நீண்டு, நாவல்பழச் சாறு போல வழிய ஆரம்பித்தது. பானெட், கூரை, கதவு, ஓர் இடம் பாக்கியில்லை. நான் என்னையறியாமல் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

“பயப்படாதீங்கம்மா, இது இரும்புத் தூளு. மருந்து பட்டா இந்தக் கலராவும், கரைஞ்சி வந்துடும்” என்றான். பீய்ச்சித் தண்ணீர் அடித்தான். ஊதா எல்லாம் சாக்கடையில் ஓடியது. காரின் மேல் விளக்கு பிடித்துக் காட்டினான். ஷோரூமில் இருந்த மாதிரியே இருந்தது. ஒரு புள்ளி இல்லை.

“கோட்டிங் இல்லன்னா இந்நேரம் பெயிண்ட்ட தோண்டிக்கினு உள்ள போயிருக்கும் பெரியவரே. இப்ப மேலயே நின்னுக்கிச்சு.”

“அப்ப போட்டது தண்டமில்ல?”

“தண்டமில்ல. ஆனா கோட்டிங் தூள வராதன்னு சொல்லாது. வர்றத மேல குந்த வெச்சிருக்கும், அவ்ளோதான். கழுவுற வேல நம்முளுது. நம்மூர்ல அதுவும் சீக்கிரம் தேஞ்சிடும்.”

இவர் திரும்பி என்னைப் பார்த்தார். ஜெயித்துவிட்டார். இனி என் மகள் என்ன சொன்னாலும் செல்லாது.

ஆனால் அவர் அப்படியே கிளம்பியிருக்கலாம். காலமெல்லாம் மெஷினோடு இருந்த மனுஷன், எதையும் சோதித்துப் பார்க்காமல் விட மாட்டார்.

“இரும்புல பட்டாத்தான் கலரு மாறுமா?”

“இரும்புக்குத்தான் பெரியவரே. இதோ பாருங்க.” பாக்கெட்டைப் பிரித்து ஒரு புதுத் துணியை எடுத்துத் தெளித்தான். அது வெறுமனே நனைந்து கிடந்தது.

இவர் தோளிலிருந்த வெள்ளைத் துண்டை எடுத்தார். முந்தின நாள் நான் துவைத்து மாடிக் கொடியில் உலர்த்தி, உதறி மடித்து வைத்தது. “இதுல அடி” என்றார். தம்பி விளையாட்டாக அடித்தான். மூன்று பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம். முதலில் ஒன்றுமில்லை. பிறகு பேனா முனையால் குத்தினது போல ஒரு புள்ளி. பக்கத்தில் இன்னொன்று. அப்புறம் துண்டு முழுக்க.

தம்பி பாட்டிலைக் கீழே வைத்தான். “துண்டுக்கெல்லாம் கோட்டிங் இல்ல பெரியவரே” என்று சிரித்துப் பார்த்தான். நாங்கள் சிரிக்கவில்லை. அந்தத் துண்டில்தான் அவர் முகம் துடைப்பார். இருமும்போது வாயில் வைத்துக்கொள்வதும் அதைத்தான்.

நான் வெளியாளிடம் வாய் திறந்து கேட்டது அன்றைக்குத்தான். “இது துண்டுலேர்ந்து முழுசா போய்டுமாபா?”

“அலசுனா போய்டும்மா” என்றான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

அடுத்து வந்த நாட்களில் அவர் காரைத் தொடவில்லை. அதன் மேல் தூள் விழுந்து கிடந்தது. ஒருநாள் மகளோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன். போனை என் கையிலிருந்து வாங்கினார். “ஒன் ஊட்டு மாடிப்படி ரொம்ப செங்குத்தா இருக்குமாம்மா?” என்று கேட்டார். அந்தப் பக்கம் அவள் அழுவது எனக்குக் கேட்டது.

தை மாதம் பொன்னேரிக்கு வந்துவிட்டோம். மாடிப்படி அவருக்கு ஆகவில்லை. பாதிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். முன் அறையில், மருமகன் போகிற வருகிற வழியில் கட்டிலைப் போட்டோம். மருமகன் நல்ல மாதிரிதான், ஒரு குறை சொல்ல முடியாது. அவன் வரும்போதெல்லாம் இவர்தான் கண்ணை மூடிக்கொண்டு தூங்குகிற மாதிரி படுத்துக்கொள்வார். கார் வாசலில் நிற்கிறது. ஓட்டுவதில்லை. மழை பெய்தால் இன்னும் முத்து முத்தாக உருண்டு ஓடுகிறது. கட்டிலில் இருந்தபடி அதைப் பார்ப்பார். என்னைக் கூப்பிட்டுக் காட்டுவதில்லை. இங்கே துணியெல்லாம் வெள்ளையாகவே உலர்கிறது. இருமல்தான் அப்படியே இருக்கிறது. ராத்திரியில் கூடுகிறது.

போன வாரம் அந்தக் கடையிலிருந்து போன் வந்தது. இரண்டாம் வருஷக் கழுவலுக்கு நாளாகிவிட்டதாம். அவருக்குச் சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேச மூச்சு போதாது. போனை என்னிடம் நீட்டி, நீ சொல்லு என்று கையைக் காட்டினார்.

“நாங்க ஊரு மாறிட்டோம்பா” என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

“அப்டியாம்மா? நல்லதுதான். காரு எப்டிகிது?”

“காரு நல்லாக்குது.”

“பெரியவரு எப்டிகிறாரு?”

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“காரு நல்லாக்குதுபா” என்று இன்னொரு தடவை சொல்லிவிட்டு போனை வைத்தேன்.