நாற்பத்தேழாம் நம்பர் மொட்டை

எனக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது. சோறு வெந்ததா வெந்ததா என்று மூடியைத் திறந்து திறந்து பார்த்தே அரை வேக்காட்டில் இறக்குகிறவள் நான். அப்படிப்பட்டவளிடம் வந்து ஒரு மனிதர், "ரெண்டு மூணு வாரத்துல மெசேஜ் வரும்க்கா, வெயிட் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டுப் போனால் என்ன ஆகும்?

அவர் ஒரு கால்பந்து கிளப்பின் ஸ்கவுட். ஊர் ஊராகப் போய், பிள்ளைகள் ஆடும் ஆட்டங்களைப் பார்த்து, அகாடமிக்குத் தேறுகிறவர்களைப் பொறுக்குவது அவர் வேலை. தமிழ்ப்பள்ளிகளின் போட்டிக்கு வந்திருந்தார். பெரிய மனிதர்களுக்குப் போட்டிருந்த கூடாரத்தில் உட்காராமல், கார்னர் கொடிக்குப் பின்னால் தொப்பியும் சின்ன நோட்டுமாக நின்றார். நான் அவரை லைன்ஸ்மேன் என்று நினைத்து, "அண்ணே, கண்ணு தெரியலயா? அது ஆஃப்சைடா?" என்று ஒரு சத்தமும் போட்டுவிட்டேன். ஆட்டம் முடிந்ததும் நேராக என்னிடம்தான் வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்தேன்.

"அந்தக் கொண்டை போட்ட பையன் உங்க மகனாக்கா? இடது கால் நல்லா இருக்கு லா" என்றார்.

என் மகன் அப்போது ஆறாம் ஆண்டு. தலை நிறையச் சுருட்டை முடி. அதை உச்சியில் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிக்கொண்டுதான் திடலில் இறங்குவான். எங்கள் ஊர் பாகான் டாலாமில் அவன் பெயர் தெரியாதவர்களுக்கும் கொண்டையைத் தெரியும். படிப்பு சுமார்தான். சுமார் என்று நான் சொல்கிறேன், ஆசிரியர்கள் அதைக்கூடச் சொல்வதில்லை. ஆனால் காலில் பந்து வந்துவிட்டால் அவன் வேறு பிள்ளை. அகாடமி வேறு மாநிலத்தில் இருந்தது. அங்கேயே ஹாஸ்டல், அங்கேயே பள்ளிக்கூடம், காலையும் மாலையும் பயிற்சி. ஆறாம் ஆண்டு முடித்து ஒன்றாம் படிவம் போகிற வயதில் மட்டும்தான் எடுப்பார்களாம். இந்த வருஷம் விட்டால் விட்டதுதான். கடவுளே, இந்த ஒன்று நடந்துவிட வேண்டும், வேறு எதையும் கேட்கமாட்டேன் என்று அன்றிலிருந்து மனசு அடித்துக்கொள்ள ஆரம்பித்தது.

நான் வேலை பார்ப்பது ஜுருவில் ஒரு தொழிற்சாலையில். போனை லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போக முடியும். அந்த மூன்று வாரமும் நான் கழிவறைக்குப் போகிறேன் என்று சொல்லி லாக்கருக்கு ஓடின ஓட்டத்தைப் பார்த்து சூப்பர்வைசர், "கிளினிக் போய்ப் பாருங்கக்கா, சக்கரையா இருக்கப் போகுது" என்று அக்கறையாகச் சொன்னாள். போனில் ஒன்றும் இருக்காது. திரும்பி வந்து உட்காருவேன். கை வேலை செய்யும், மனசு லாக்கருக்குள் கிடக்கும். வீட்டில் மகனோ எதுவும் நடக்காததுபோல் மெகி கிண்டித் தின்றுகொண்டிருப்பான். அதைப் பார்த்தால் எனக்கு இன்னும் எரிச்சல் ஏறும்.

கடைசியில் மெசேஜ் வந்தது. வருகிற சனிக்கிழமை காலை எட்டு மணி, ஜார்ஜ்டவுனில் ஒரு திடல், பிறப்புப் பத்திர நகலோடு வரவும். நான்கு மாநிலத்துப் பிள்ளைகள் வருவார்களாம்.

நாலு மாநிலம்! என்னால் சும்மா இருக்க முடியவில்லை. மகன் எடுபட்டால் அவனுக்கு மொட்டை போடுகிறேன் என்று தண்ணீர்மலை முருகனுக்கு ஏற்கெனவே வேண்டியிருந்தேன். நடந்த பிறகு செய்ய வேண்டியதை முன்னாலேயே செய்துவிட்டால் என்ன என்று தோன்றிவிட்டது. கன்டெய்னர் லோரி ஓட்டுகிற என் வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

"வேண்டுதல் நடந்தாத்தானே முடி குடுப்பாங்க? யாராச்சும் முன்னாடியே குடுப்பாங்களா?"

"அட்வான்ஸ்னு வச்சிக்குங்க. வாங்கிட்டாருன்னா அவரால இல்லன்னு சொல்ல முடியாதுல்ல?"

"முருகன்கிட்டயே உன் வேலையக் காட்டுறியா நீ?"

வியாழக்கிழமை லீவு எடுத்து, மகனைப் பள்ளிக்கு மட்டம் போட வைத்து, மலைக்குக் கூட்டிப்போனேன். சுருள் சுருளாக முடி விழுந்தது. திரும்பி வரும்போது கடல் பாலத்தில் காருக்குள் அவன் மண்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டே வந்தான். சந்தனம் பூசின தலை, அழகாகத்தான் இருந்தது. அதை நான் சொன்னதற்கு, "வாய மூடுங்கம்மா" என்றான். 

சனிக்கிழமை ஏழு மணிக்கே திடலில் நின்றோம். நூறு பிள்ளைகளுக்கு மேல் இருக்கும். பேர் கேட்டார்கள், பதிந்தார்கள், முதுகில் நம்பர் போட்ட மெல்லிய பச்சைச் சட்டை ஒன்றைக் கொடுத்தார்கள். என் மகனுக்கு நாற்பத்தேழு. அதற்குப் பிறகு யாருக்கும் பேர் கிடையாது, நம்பர்தான். பெற்றோர் எல்லாம் கம்பி வேலிக்கு வெளியே.

ஆட்டம் ஆரம்பித்தது. நானும் ஆரம்பித்தேன். "ஓடு! ஓடு! லெஃப்டுல போ! அவனுக்கு ஏன் குடுக்குற, நீயே அடி!" பக்கத்தில் ஒரு சீன அம்மா குடையோடு நாலடி தள்ளிப் போய் நின்றாள். போனால் போகட்டும். தொப்பிக்கார ஸ்கவுட் அண்ணன் எதிர்க் கோடியில் நின்று கண்ணைச் சுருக்கிக்கொண்டு யாரையோ தேடிக்கொண்டே இருந்தார். இரண்டு முறை பதிவு மேசைக்குப் போய்ப் பேப்பரைப் பார்த்தார். எனக்கு அப்போதும் உறைக்கவில்லை.

பதினொரு மணிக்கு ஒலிபெருக்கியில் நம்பர்களை வாசித்தார்கள். மத்தியான ஆட்டத்துக்கு இருக்க வேண்டியவர்கள். நாற்பத்திரண்டு, நாற்பத்தைந்து, ஐம்பத்தொன்று. மறுபடி வாசித்தார்கள். நாற்பத்தைந்துக்கும் ஐம்பத்தொன்றுக்கும் நடுவில் எதுவும் முளைக்கவில்லை. மகன் பூட்ஸ் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தான். வேலியைச் சுற்றி ஓடி, கேட்டில் நின்ற ஆளைத் தள்ளாத குறையாக உள்ளே போய் அவர் முன்னால் நின்றேன்.

"என்னாண்ணே இது? நீங்கதானே வரச் சொன்னீங்க? இடது கால் நல்லா இருக்குன்னீங்க?"

"அக்கா! நானே உங்களத்தான் தேடுறேன். பையன் எங்க? லிஸ்ட்டுல பேர் இருக்கு, ஆளைக் காணோம். காலைலேர்ந்து கொண்டையத் தேடித் தேடிக் கண்ணு வலிக்குது லா."

நான் கையை நீட்டிக் காட்டினேன். அவர் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"மொட்டையா?"

"வேண்டுதல்" என்றேன். சத்தம் எனக்கே கேட்கவில்லை.

மனிதர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. நோட்டைப் புரட்டினார்.

"நாப்பத்தேழா? நாப்பத்தேழ நான் பாத்தேன்க்கா. வேற யாரோ புதுப் பையன்னு நெனச்சு எழுதி வச்சிருக்கேன். கேளுங்க. இடது கால் நல்லா இருக்கு. பந்து வந்ததும் வேலியப் பாக்குறான். வேலிக்கிட்ட ஒரு அம்மா கத்துறாங்க. அவங்க சொல்றதச் செய்றான். சொந்தமா ஒண்ணும் செய்யல. வேண்டாம்."

வேண்டாம். அந்தச் சொல்லைப் படித்துவிட்டு நோட்டை மூடினார். தெரிந்த பிள்ளை என்றால் கொஞ்சம் மழுப்பியிருப்பார். யாரோ என்று நினைத்ததால் உள்ளதை உள்ளபடி எழுதிவிட்டார். எனக்கு அவர் மேல் வந்த கோபம் பாதி வழியில் திரும்பி என் மேலேயே விழுந்தது. அண்ணே, தப்பு என்னோடது, புள்ளைய விட்டுடாதீங்க என்று கையைப் பிடித்துக் கெஞ்சினேன். அவர் நோட்டைச் சட்டைப் பையில் செருகினார்.

"மத்தியானம் இருவது நிமிஷம் ஆட விடுறேன். ஆனா நீங்க இங்க இருக்கக் கூடாது. போய்ட்டு மூணு மணிக்கு வாங்க."

போனேன். மத்தியான வெயிலில் சூலியா தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை மூன்று முறை நடந்தேன். ஒரு கடையில் தேத்தண்ணி சொல்லிவிட்டு, அது வருவதற்குள் எழுந்து போனேன். கடைக்காரர், "யக்கா, தண்ணி!" என்று கூப்பிட்டது கேட்டும் திரும்பவில்லை. மூன்று மணி வரை யாரால் முடியும்? இரண்டேகாலுக்கே திரும்பிவிட்டேன். ஆனால் வேலிப் பக்கம் போகவில்லை. நிறுத்தியிருந்த ஒரு பஸ்ஸுக்குப் பின்னால், திடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, துப்பட்டாவை வாயில் திணித்துக்கொண்டு நின்றேன். சத்தியமாகத் திரும்பிப் பார்க்கவில்லை.

உள்ளே பிள்ளைகளின் கூச்சல். அதில் ஒரு குரல் மட்டும் எல்லாவற்றையும் மீறி வந்தது. "பாலிக்! பாலிக்!" என்று மலாயில் தன் ஆட்களைப் பின்னால் திரும்பச் சொன்னது. "எனக்குத் தா! இப்ப இல்ல, இப்ப, இப்ப!" என்று தமிழ்ப் பிள்ளை எவனிடமோ கத்தியது. யார் இந்தப் பையன், இவ்வளவு அதிகாரமாக என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது. என் மகன். ஐந்து வருஷமாக ஒரு ஆட்டம் விடாமல் பார்த்தவள் நான், திடலில் அவன் குரலை ஒரு நாளும் கேட்டதில்லை. நான் எங்கே கேட்க விட்டேன்?

மூன்று மணிக்கு ஒலிபெருக்கியில் ஒன்பது நம்பர்கள் வாசித்தார்கள். நாற்பத்தேழு ஆறாவது. நான் கத்தவில்லை. கத்த முடியாமல் வேலியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். மகன் வியர்வையும் புல்லுமாக வந்து, "ம்மா, அழாதீங்கம்மா, எல்லாரும் பாக்குறாங்க" என்றான்.

ஸ்கவுட் அண்ணன் அகாடமியில் சேர்க்கிற பாரத்தோடு வந்தார். என்னிடம் கொடுக்குமுன் அவன் பக்கம் குனிந்தார்.

"ஹாஸ்டல்ல இருக்கணும், தம்பி. மாசத்துக்கு ஒரு தடவதான் வீட்டுக்கு விடுவாங்க. அம்மாவ விட்டுட்டு இருப்பியா?"

அதெல்லாம் இருப்பான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவனே சொல்லிவிட்டான்.

"இருப்பேன், சார்."

பாவிப் பயல், ஒரு நொடி யோசிப்பதுபோலாவது நடித்திருக்கலாம்.