மற்றும் பலர்

புருஷன் பேரைப் பெண்டாட்டி வாயால் சொல்லக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். யாராவது கேட்டால் பக்கத்தில் நிற்கிறவர்கள் எடுத்துக் கொடுப்பார்கள். நான் அதைச் சுமையாக நினைத்ததில்லை, கௌரவமாகவே வைத்திருந்தேன். அந்தக் கௌரவம் எனக்கு என்ன செய்தது என்பதை, எனக்குத் தெரிந்த எழுத்தில் எழுதுகிறேன்.

உடும்பஞ்சோலைக்கு மேலே ஏலத்தோட்டத்தில் எங்களுக்கு வேலை. என் வீட்டுக்காரர் அங்கே தன் பேரில் வேலைக்கு வரவில்லை. முன்னால் அங்கே இருந்தவர் அவருடைய அண்ணன். மலைக்காய்ச்சல் கண்டு அண்ணன் மலைக்குக் கீழே சொந்த ஊரான கம்பத்துக்குத் திரும்பியபோது, வேலையும் குடியிருந்த லயத்து அறையும் கைவிட்டுப் போகக் கூடாதென்று தம்பியை அனுப்பினார்கள். காலையில் ஆள் கூப்பிடும்போது அண்ணன் பேருக்குக் குரல் கொடு என்றார் கங்காணி. இவரும் கொடுத்தார். மலையில் அப்படி எத்தனையோ பேர். ஆக, ஆள் வருகை எழுதும் தோட்டத்து செக்ரோல் புத்தகத்தில் அண்ணன் பேர். சுதந்திரத்துக்கு முன்பு இவர் கொடி பிடித்து பஜாருக்குள் ஊர்வலம் போனபோது போலீஸ் மண்டையில் அடித்தது; அந்தக் கேஸ் காகிதத்திலும் அண்ணன் பேர். பதினோரு நாள் கிடந்து செத்தது மட்டும் தம்பி.

மாநிலம் பிரிந்த மறு வருஷம், தேசத்துக்காக உயிர் விட்ட மலைக்காரர்களுக்கு பஜாரில் ஒரு ஸ்தூபி என்று பேச்சு வந்தது. தொழிற்சங்கம், வியாபாரிகள் சங்கம், தோட்ட முதலாளிகள் சங்கம் மூன்றும் சேர்ந்து கமிட்டி போட்டன. ஒன்றை ஒன்று நம்பாத மூன்று. ஒரு கூட்டம் ஒருவர் இடத்தில் நடந்தால் அடுத்தது இன்னொருவர் இடத்தில்தான் நடக்க வேண்டும். ஸ்தூபி கடைத்தெருவைப் பார்த்து நிற்பதா, தோட்டத்தைப் பார்த்து நிற்பதா என்று மூன்று கூட்டம் போயிற்று. மலையாளம் மேலேயா தமிழ் மேலேயா என்று இன்னும் இரண்டு. கடைசியில் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள்: மூன்று சங்கமும் கையெழுத்துப் போடாத எந்த எழுத்தும் கல்லில் ஏறாது.

தொழிற்சங்கச் செயலாளர் லயத்துக்கு வந்து, செக்ரோலில் இருந்த பேரைப் படித்துவிட்டு, "அக்கா, வீட்டுக்காரரு பேரு இதுதானே?" என்று கேட்டார்.

"அவ வாயால சொல்லுவான்னா நிக்கீக? போயி வேலையப் பாருங்க" என்று அடுத்த அறைக்காரி சிரித்தாள்.

நான் தலையை ஆட்டினேன். ஆட்டாமல் இருந்திருக்கலாம். மலை முழுக்க அவரை அந்தப் பேரில்தானே கூப்பிட்டது என்று நினைத்தேன். அடுத்தவன் பேரில் வேலை பார்த்தவர் என்று ஊர் பேசுவதிலும் எனக்கு விருப்பமில்லை.

திறப்பு விழா நோட்டீஸ் அந்தப் பேரோடு அச்சாகிக் கம்பம் வரைக்கும் போயிற்று. நாலாம் நாள் அண்ணனும் அவர் பெண்டாட்டியும் பஸ் பிடித்து வந்து நின்றார்கள்.

"ஏண்டி, ஒம் புருஷன் செத்ததுக்கு எம் புருஷனுக்குத் திதி குடுக்கப் போறீகளா?" என்றாள் அவள். அண்ணனுக்குச் சோறு போட்டேன், சாப்பிட்டார். உயிரோடு இருக்கிற மனுஷன் பேர் தியாகி என்று கல்லில் நிற்கப் போகிறது, செத்தவர் பேர் எங்கேயுமே இருக்காது என்பது அவர் சாப்பிடுவதைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது.

கல் இன்னும் வெட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை கமிட்டி வியாபாரிகள் கூடத்தில் கூடியபோது போனேன். மேசைக்குப் பின்னால் மூன்று பேர்: தொழிற்சங்கச் செயலாளர், வியாபாரிகள் தலைவரான மளிகைக்கடை ராவுத்தர், முதலாளிகளுக்காகத் தோட்டத்துக் கணக்கு எழுதும் ரைட்டர். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன்.

"அப்போ சரியான பேரு எந்தா? சொல்லு" என்றார் ரைட்டர்.

எடுத்துக் கொடுக்கப் பக்கத்தில் ஆளில்லை. கூட வந்த அண்ணன், ஆள்மாறாட்டக் கேஸ் தன் மேல் வருமோ என்று வாசலிலேயே நின்றுவிட்டார். நான் சொன்னேன். கல்யாணமான நாளிலிருந்து என் வாயில் அந்தப் பேர் வந்தது அதுதான் முதல் தடவை. சொன்ன பிறகு உட்காரக்கூடத் தோன்றவில்லை.

ரைட்டர் புத்தகத்தைப் புரட்டினார். "அப்படி ஒரு ஆள் இவிடெ ஜோலி செய்திட்டில்லல்லோ." அப்படி ஒருத்தர் இங்கே வேலையே பார்க்கவில்லையாம்.

"புக்குல இல்லாத பேருக்கு நாங்க எப்படிம்மா கையெழுத்துப் போடுறது?" என்றார் ராவுத்தர்.

நான் செயலாளரைப் பார்த்தேன். ஊர்வலத்தில் என் வீட்டுக்காரருக்குப் பக்கத்தில் நடந்தவர் அவர். "பேரை மாத்தி வேலை பார்த்தாருன்னு வெளிய தெரிஞ்சா தியாகிக்கே கேவலம் அக்கா" என்றார். நோட்டீஸில் இருந்த பேரை எடுத்துவிடலாம், வேறு பேர் போட வேண்டாம், பொதுவாக ஒரு வார்த்தை போட்டுக்கொள்ளலாம் என்று அவரேதான் சொன்னார். எட்டு மாதமாக எதிலும் ஒத்துப்போகாத மூன்று பேரும் அதற்கு உடனே கையெழுத்துப் போட்டார்கள். டீ வந்தது. எனக்கும் ஒரு கிளாஸ் நீட்டினார்கள். நான் வாங்கவில்லை.

அண்ணன் நிம்மதியாக பஸ் ஏறினார். திறப்பு விழாவில் மேடைக்குக் கூப்பிட்டு எனக்குச் சால்வை போடுவதாக ஆள் அனுப்பினார்கள். அன்றைக்கு நான் காய் எடுக்கப் போய்விட்டேன்.

அதற்குப் பிறகுதான் எழுத்துக் கூட்டப் படித்தேன். கூட்டத் தெரிந்ததும் பஜாருக்குப் போய், தலை நிமிர்ந்து நின்று, கல்லைப் படித்தேன். ஆறு பேருடைய பேர். அதற்குக் கீழே 'மற்றும் பலர்' என்று இருந்தது.

அந்த ஊர்வலத்தில் அடிபட்டுச் செத்தவர்கள் மொத்தம் ஏழு பேர். கல்லில் பேர் இல்லாதவர் ஒருத்தர்தான்.