துப்பாக்கிக்குக் கண்ணாடி வாங்க உடப்புசல்லாவையிலிருந்து ஹட்டனுக்கு

2004 மாசியில் ஒரு வெள்ளிக்கிழமை, துப்பாக்கியில் பூட்டும் குறிக்கண்ணாடி ஒன்று வாங்குவதற்காக உடப்புசல்லாவையிலிருந்து ஹட்டன் வரை தனியாகப் போய் வந்தேன். பயிர்க் காவலுக்கென்று முறைப்படி அனுமதிப்பத்திரம் எடுத்துத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் நம் பக்கத்தில் சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்கும், டவுனுக்குத் தனியே போய்வரத் தயங்கும் பெண்களுக்கும் உதவட்டும் என்று இதை எழுதுகிறேன். துப்பாக்கி விஷயத்தில் எனக்குத் தெரிந்தது அவ்வளவும் இந்த ஒரு பயணத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டதுதான்.

எங்கள் வீட்டுக்காரர் தேயிலைத் தொழிற்சாலையில் இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு ஏக்கரில் உருளைக்கிழங்கும் லீக்ஸும் போட்டிருக்கிறோம். மகன் கட்டாரில், மகள் கொழும்பில். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான், பேச்சு அதிலும் குறைவு. பின்னேரமானால் அவர் தோட்டத்து மூலையில் இருக்கும் காவல் குடிசைக்குப் போய்விடுவார். நான் சாமி விளக்கேற்றிவிட்டு ரேடியோவைத் திருப்புவேன். காட்டுப்பன்றி ஒரு இரவு இறங்கினால் மூன்று மாத உழைப்பு போச்சு என்பதால் அவர் போவதை நான் தடுத்ததில்லை. அவரிடம் இருப்பது பழைய ரைபிள். ஒரு தடவை சுட்டால் அடுத்த குண்டு தானாகவே ஏறி நிற்கும். அதனால்தான் பயமே. யோசிக்க நேரம் தராத சாமான் அது.

தைப்பூசம் கழிந்த வாரம், மாலை மூடுபனி இறங்கும் நேரத்தில், பக்கத்து லயத்து வரிசை வீட்டில் இருக்கும் லெட்சுமி எங்கள் வேலியோரம் மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்தாள். முதுகில் சாக்கு, குனிந்த தலை. இவர் குடிசையிலிருந்து துப்பாக்கியைத் தூக்கிவிட்டார். நல்ல வேளை, அவள் இருமினாள். இவர் இறக்கிவிட்டார். இதை அவர் எனக்குச் சொல்லவில்லை. மறுநாள் பீலியடியில் தண்ணீர் பிடிக்கும்போது லெட்சுமிதான் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"ஐயா என்னையப் பன்னின்னு நெனச்சிட்டாரு அக்கா. நான் அம்புட்டுக் குண்டாவா இருக்கேன்?"

எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான். ஆனால் அன்றிலிருந்து லெட்சுமி அந்தப் பக்கம் புல்லுக்கு வருவதில்லை. இவரைக் கேட்டேன். குழல் முனையில் நிற்கும் சின்னக் கூர் பனியில் தெரிவதில்லை, பழைய துப்பாக்கிக்கு அதுதான் கோளாறு, ஒரு கண்ணாடி பூட்டினால் சரியாகிவிடும் என்றார். ஹட்டனில் கமராவும் பைனாகுலரும் திருத்தும் ஒருவரிடம், வெள்ளைக்காரத் துரைமார் விட்டுப்போன பழைய கண்ணாடிகள் இருப்பதாக யாரோ சொல்லியிருக்கிறார்கள். இவருக்கு முழங்கால் வலி, பஸ்ஸில் உட்கார முடியாது. "ஒம்பது பவர். அதுக்குக் கொறஞ்சத வாங்கிக்கிட்டு வந்துராத" என்று சொல்லி, கண்ணாடி பூட்டும் பள்ளத்தின் அகலத்தை ஈர்க்குச்சியில் வெட்டிக் கொடுத்தார். அம்மாளுக்கு ஒரு தேங்காய் நேர்ந்துகொண்டு கிளம்பினேன். லெட்சுமிக்கோ வேறு யாருக்குமோ ஒன்றும் ஆகக்கூடாது, அவ்வளவுதான் என் வேண்டுதல்.

காலை 5.15க்கு முதல் பஸ். நுவரெலியாவுக்கு முப்பது கிலோமீட்டர் சொச்சம், கட்டணம் 26 ரூபாய். ராகலை, கந்தப்பளை வழியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வலது பக்க ஜன்னல் காற்று உள்ளே வரும், மப்ளர் இல்லாமல் ஏறாதீர்கள். கண்டக்டர் பையன் என் பையைப் பார்த்து, "என்னம்மா, ஒத்த ஆளுக்கு ரெண்டு சோத்துப் பார்சல்?" என்றான். பழக்கத்தில் இரண்டு கட்டியிருக்கிறேன். அவன் சொல்லும்வரை எனக்கே தெரியவில்லை. ஒன்றை அவனுக்குக் கொடுத்தேன். நுவரெலியா வரும்வரை என்னை 'அம்மா அம்மா' என்று கூப்பிட்டுக்கொண்டே வந்தான். அன்றைக்குப் பாதிப் பயணத்தில் என்னோடு பேசிய ஒரே ஆள்.

அங்கிருந்து நானுஓயா ஸ்டேஷனுக்கு பஸ், 8 ரூபாய். காலை ரயில் 9.30 என்று போட்டிருந்தாலும் பத்துக்குத்தான் வந்தது. மூன்றாம் வகுப்பு ஹட்டனுக்கு 15 ரூபாய். எதிர் இருக்கை காலி. கிரேட் வெஸ்டர்ன், தலவாக்கலை, கொட்டகலை என்று சுரங்கங்களுக்குள் போய் வெளியே வரும்போதெல்லாம் கண்ணாடி ஜன்னலில் என் முகம் வந்து வந்து மறைந்தது. அருவிகளைப் பார்க்க விரும்புபவர்கள் தலவாக்கலை தாண்டியதும் ரோட்டுப் பக்க ஜன்னலுக்கு மாறி உட்காருங்கள்.

ஹட்டனில் இறங்கிப் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு, கடைத்தெருவில் மாடிக் கடை ஒன்றைத் தேடிப் பிடித்தேன். கடைக்காரர் யாழ்ப்பாணத்தவர். முன்பு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்தவராம், ஊரே மாஸ்டர் என்கிறது. முதலில் அனுமதிப்பத்திரத்தின் பிரதியைக் கேட்டார். பிறகுதான் உட்காரச் சொன்னார்.

"ஆர் சுடுறது? நீங்களோ?"

"எங்க வீட்டுக்காரங்க. ஒம்பது பவர் கேட்டாங்க."

"ஒன்பது பவர் வைச்சு என்ன, நிலாவிலயோ பன்றி நிக்குது?" என்றவர், எத்தனை தூரம், எந்த நேரம், பனி எப்படி என்று கேட்டார். குடிசையிலிருந்து வேலி வரை ஐம்பது யார், அதாவது கெஜம், வரும், மாலை மங்கும் நேரம், பனி எப்போதும் என்றேன். மூன்று கண்ணாடிகளை எடுத்து மேசையில் வைத்தார். ஜன்னலருகே நின்று ஒவ்வொன்றாகப் பார்க்கச் சொன்னார்.

ஒன்பது பவரில் எதிர் மலையின் லயம் ஒன்று கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிட்டது. ஒரு பெண் கொடியில் துணி காயப் போடுகிறாள். வாய் அசைகிறது, யாரோடோ பேசுகிறாள். அவ்வளவு கிட்டே தெரிந்தும் ஒரு சத்தம் கேட்கவில்லை. எனக்கு எங்கள் வீட்டு ஞாபகம் வந்தது. கை கொஞ்சம் அசைந்ததும் பெண்ணும் லயமும் ஓடிப்போயின, திரும்பத் தேடிப் பிடிக்க முடியவில்லை. பவர் கூடக் கூடப் பார்வை வட்டம் ஒடுங்கிவிடும், பனியையும் அது சேர்த்தே பெருசாக்கும் என்றார் மாஸ்டர். நான்கு பவரில் லயம் முழுவதும் தெரிந்தது, வெளிச்சமும் கூடுதல். மூன்றாவது பெருசாக்கவே பெருசாக்காத கண்ணாடி. நடுவில் சிவப்புப் புள்ளி ஒன்று மட்டும் மிதக்கும். வயதான கண்ணுக்கு அது லேசு, குழல் முனையையும் குறியையும் மாறி மாறிப் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் பற்றரி வேண்டும்.

தானாக ஏறும் துப்பாக்கிக்கு இன்னொன்றும் கவனிக்க வேண்டுமாம். சுட்ட குண்டின் வெற்றுக்கோது பக்கத்தால் தெறித்து விழும். கண்ணாடியைப் பிடிக்கும் வளையம் தாழ்ந்து அந்த வழியை மறைத்தால் கோது சிக்கிக்கொள்ளும். ஈர்க்குச்சியை வைத்து அளந்து வளையமும் எடுத்து வைத்தார். நான்கு பவர் 4,500 ரூபாய். நான் பணத்தை எடுக்கும்போது கேட்டார்.

"அவருக்குக் கண் எப்பிடி?"

"நல்லாத்தான் தெரியுதுன்னு சொல்றாங்க."

"விளக்கு வெளிச்சத்தைப் பாத்தா என்ன சொல்லுவார்?"

அப்போதுதான் நினைவு வந்தது. தைப்பூசத்தன்று கோயிலில், ஒரே ஒரு தூண்டாமணி விளக்கைப் பார்த்து, "என்ன இந்த வருசம் ரெண்டு வெளக்கு?" என்று கேட்டார். நான் பூசைத் தட்டைச் சரிசெய்துகொண்டே உம் கொட்டியிருக்கிறேன்.

மாஸ்டர் பணத்தை வாங்கவில்லை. "கண்ணில புரை எண்டால் எந்தக் கண்ணாடியும் பிழையைக் கிட்டக் கொண்டுவந்து காட்டுமே தவிர, சரியாக்காது. இதைக் கொண்டு போங்கோ. துவக்கில பூட்டாதேங்கோ. கையில குடுத்துப் பாக்கச் சொல்லுங்கோ. பிறகு காசைப் பாப்பம்."

பகல் இரண்டு மணி பஸ்ஸில் திரும்பினேன், நுவரெலியாவுக்கு 32 ரூபாய். டவுனுக்குள் நுழையும் இடத்தில் பொலிஸ் பஸ்ஸை நிறுத்திப் பைகளைப் பார்த்தார்கள். போர்நிறுத்தம் வந்து இரண்டு வருஷம் ஆகியும் பையை மடியோடு அணைத்துக்கொண்டேன். தமிழ்ப் பெண்ணின் பையில் துப்பாக்கிக் கண்ணாடி. "மேக்க மொகக்த, நோனா?" இது என்ன என்று ஒருவர் கேட்டார். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் பன்றி, கிழங்கு, வீட்டுக்காரர் என்று சொல்லி அனுமதிப்பத்திரப் பிரதியையும் மாஸ்டர் எழுதிக் கொடுத்த துண்டையும் நீட்டினேன். அவர் கண்ணாடியை வாங்கிக் குதிரைப் பந்தயத் திடல் பக்கம் பார்த்தார். பிறகு அடுத்தவர் பிடுங்கிப் பார்த்தார். குதிரை வெள்ளையா சாம்பலா என்று அவர்களுக்குள் சண்டை. டிரைவர் ஹோர்ன் அடித்த பிறகுதான் என் கையில் வந்தது. வீடு சேர ஏழு மணியாகிவிட்டது.

நான்கு பவர் என்றதும் அவர் முகம் சுண்டிப்போனது. வாங்கி மேசையில் வைத்துவிட்டார். காலையில் கையில் வைத்துப் பார்க்கச் சொன்னேன். வயலில் ஒரு சாமான் வைக்கிறேன், அது என்னவென்று சொன்னால் ஒன்பது பவரையே போய் வாங்கி வருகிறேன் என்றேன். "சின்னப் புள்ளைக்கு வைக்கிற பரீட்சையா?" என்று முறைத்தாலும் ஒத்துக்கொண்டார்.

காலையில் துப்பாக்கியை அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். அவர் கண்ணாடியோடு குடிசைக்குப் போனார். பனி அரைவாசி விலகியிருந்தது. நான் பழுப்பு நிற ஸ்வெட்டர் போட்டு, முதுகில் சாக்கைப் போட்டுக்கொண்டு, லெட்சுமி நின்ற அதே வேலியோரத்தில் போய்க் குனிந்தேன். மண் ஈரமாக இருந்தது. நான்தான் என்று சொல்லிவிட வேண்டும் அம்மாளே என்று வேண்டிக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் குரல் கேட்டது.

"ஏ புள்ள, ரெண்டு பன்னி நிக்கிது, வேலியோரமா. எங்க இருக்க நீ? அந்தப் பக்கம் போயிராத."

என்னால் உடனே நிமிர முடியவில்லை. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு, எனக்கு ஒன்றும் ஆகிவிடக்கூடாது என்று அவர் சத்தம் போட்டது அதுதான். மறுபடியும் கூப்பிட்டார், இந்தத் தடவை பயத்தோடு. நான் நிமிர்ந்து சாக்கை இறக்கினேன். நான் ஏறிப் போனபோது கண்ணாடியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நீ ஒருத்திதானா நின்ன?"

"ஒருத்திதான்."

இடுப்புச் சாவியை அவரே கேட்டு வாங்கினார். அன்று பகலே துப்பாக்கியை எடுத்துக்கொண்டு பொலிஸ் நிலையத்தில் பாதுகாப்புக்கு ஒப்படைத்துவிட்டு வந்தார். முழங்கால் வலியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. லெட்சுமி மறுபடியும் வேலியோரம் புல்லுக்கு வருகிறாள், வரும்போதே "பன்னி வருது ஐயா" என்று குரல் கொடுத்துக்கொண்டு. இப்போது மாலையில் பன்றி விரட்ட நானும் குடிசைக்குப் போகிறேன். நான் மண்ணெண்ணெய் டின்னைத் தட்டுவேன். அவர் எந்தப் பக்கம் சலசலப்பு என்று காது கொடுத்துச் சொல்வார்.

கண்ணாடி வாங்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஐம்பது அறுபது யார் தூரத்துக்கு நான்கு பவருக்கு மேல் வேண்டாம். பழையது வாங்கினால் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். நம் மலைக் குளிருக்கு உள்ளே சிலந்தி நூல் போலப் பூஞ்சணம் படர்ந்திருக்கும், அப்படி இருந்தால் தொடாதீர்கள். பூட்டும் பள்ளத்தின் அளவைக் கொண்டு போங்கள், கோது விழும் பக்கத்தைச் சொல்லுங்கள். பத்திரப் பிரதி இல்லாமல் பஸ் ஏறாதீர்கள். இவற்றுக்கெல்லாம் முன்னால், சுடுகிறவரைக் கண் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். நம் பேச்சில் துப்பாக்கியில் பூட்டுவதும் கண்ணாடிதான், மூக்கில் மாட்டுவதும் கண்ணாடிதான். எங்கள் வீட்டில் எது வேண்டும் என்று கேட்க இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

நுவரெலியா ஆஸ்பத்திரியில் வலது கண்ணுக்கு அடுத்த மாதம் நாள் கொடுத்திருக்கிறார்கள். அதற்கு முன்பு கண்ணாடியை மாஸ்டரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். இவரும் கூட வருவதாகச் சொன்னார். முழங்காலுக்குத் தைலம் காய்ச்சி வைத்திருக்கிறேன். இந்தத் தடவை இரண்டு சோற்றுப் பார்சலும் எங்களுக்கே வேண்டியிருக்கும். கண்டக்டர் பையனுக்கு மூன்றாவது ஒன்று கட்ட வேண்டும்.