காரணம் கேட்ட காலை

திண்டிவனத்தில் நான் வேலை பார்க்கும் டியூஷன் சென்டரில், நீட் எழுதும் பிள்ளைகளுக்கு மூளையைப் பற்றி நடத்துவதுதான் எனக்குப் பிடித்த பாடம். புத்தகத்தைப் பார்க்காமல் போர்டில் படம் போடுவேன். எங்கள் குடும்பத்தில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். எம்.எஸ்சி. விலங்கியல் வரை போனேன். அந்தக் கர்வம் எனக்கு உண்டு.

அதை வளர்த்ததில் அம்மாவுக்கும் பங்கு உண்டு. மாத்திரை அட்டையோ, கரண்ட் பில்லோ, எது வந்தாலும் "பாப்பாவைக் கேளு" என்பாள். நானோ அவள் எதைச் சொன்னாலும் "ஏன்? உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்பேன். "வக்கீலம்மா வந்துட்டாங்கப்பா" என்று சிரித்துக்கொண்டே போய்விடுவாள்.

போன ஆடி மாதம் ஒரு காலை. விழுப்புரம் வீட்டில் ஆறரை மணிக்கு நான் பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அப்பா கொத்தனார். வானூர்ப் பக்கம் ஒரு கட்டடத்தில் அவருக்கு வேலை. முகம் கழுவிவிட்டு உள்ளே வந்து சட்டை மாட்டப் போனார். அம்மா அடுப்பைத் தணித்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"பாப்பா, உங்கப்பா இன்னிக்கு சரியா இல்ல."

"இன்னா சரியா இல்ல? ஜுரமா?"

"அதெல்லாம் இல்ல."

"தலைவலின்னாரா?"

"அவரு ஒண்ணும் சொல்லல. எனக்குத்தான்... சொல்லத் தெரியல. ஆஸ்பத்திரிக்குக் கூட்டினு போலாமா?"

"போய் டாக்டர்கிட்ட இன்னான்னு சொல்லுவ? சரியா இல்லன்னா? சிரிப்பாங்கம்மா."

அப்பா காதில் விழுந்துவிட்டது. "நான் ஒழுங்கா வேலைக்குப் போனா உங்கம்மாவுக்குப் பேஜாரு. ஜல்தி டிபன் பாக்ஸைக் குடுடி" என்றார். மூன்று பேரும் சிரித்தோம் என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். இல்லை, அம்மா சிரிக்கவில்லை.

பதினோரு மணி வாக்கில் வகுப்பில் இருந்தபோது போன் வந்தது. சாரத்தில் நின்று சுவர் பூசிக்கொண்டிருந்த அப்பா கரண்டியை நழுவவிட்டிருக்கிறார். பிறகு மெல்ல உட்கார்ந்து, அப்படியே ஒரு பக்கமாகச் சரிந்திருக்கிறார். கூட வேலை செய்தவர்கள் பிடித்திருக்காவிட்டால் கீழே விழுந்திருப்பார். திண்டிவனத்திலிருந்து நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது டாக்டர் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"எத்தனை மணிக்கு ஆரம்பிச்சதும்மா?"

"காலைல ஆறரைக்கேங்க. அப்பவே சரியா இல்ல."

"ரத்தக்கட்டைக் கரைக்க ஒரு ஊசி இருக்கு. ஆரம்பிச்சு நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும். அப்பவே வந்திருந்தா பார்த்திருக்கலாம்."

அம்மா டாக்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் பக்கம் திரும்பவில்லை. திரும்பி நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

அப்பாவின் வலது கை விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. பார்க்க வந்த அத்தை, முகையூரில் இருப்பவர், "காலைலயே ஒண்ணும் தெரியலையா அண்ணி?" என்று கேட்டார்.

"நல்லாத்தான் போனாரு. யாருக்கு இன்னா தெரியும்? பாப்பா ஓடியாந்ததாலதான் உசுரு பொழைச்சாரு. படிச்ச புள்ளயாச்சே" என்றாள் அம்மா.

பக்கத்து வீட்டுக்காரர்களிடமும் அதே பேச்சு. ஜெபம் சொல்ல வந்த ஃபாதரிடமும் அதே பேச்சு. ஒவ்வொரு முறையும் நான் பக்கத்தில்தான் இருந்தேன். வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டேன். காபி கொடுத்தேன். ஒரு முறைகூட "அப்படியில்லை" என்று சொல்லவில்லை.

உள்ளுணர்வைப் பற்றி அதற்குப் பிறகுதான் தேடித் தேடிப் படித்தேன். அதில் மாயம் எதுவும் இல்லை. ஒன்றையே பல வருஷம் பார்த்துப் பழகிய மூளை, அடுத்து என்ன வரும் என்று தனக்குள் கணித்துக்கொண்டே இருக்கிறது. வந்தது கணிப்போடு பொருந்தாவிட்டால், எது பொருந்தவில்லை என்பதற்கு வார்த்தை கிடைக்கும் முன்பே நெஞ்சு அடித்துக்கொள்கிறது. இருபத்தெட்டு வருஷமாக அப்பா முகம் கழுவிவிட்டு உள்ளே வருவதை அம்மா பார்த்திருக்கிறாள். துண்டைத் தோளில் போட அன்று ஒரு நொடி கூடுதலாக ஆகியிருக்கலாம். வாசற்படியில் கால் லேசாக உரசியிருக்கலாம். கண் பார்த்துவிட்டது, வாய்க்கு வரவில்லை. வார்த்தையாக வருவதை மட்டுமே மதிக்கப் பள்ளிக்கூடத்தில் பழகியவள் நான்.

அப்பாவின் விரல்கள் கொஞ்சம் அசையத் தொடங்கியதும் பிசியோதெரபிஸ்ட் ஒரு பயிற்சி சொல்லிக் கொடுத்தார். செத்துப்போன இடம் திரும்பாது. ஆனால் ஒரே வேலையை விடாமல் செய்தால், சுற்றியிருக்கும் மூளை அந்த வேலையைக் கற்றுக்கொள்ளும் என்றார். அதற்கு நல்ல கையைக் கட்டிவிட வேண்டும். தினமும் காலையில் அப்பாவின் இடது கையைத் துண்டால் நாற்காலியோடு கட்டுகிறேன். முன்னால் ஒரு கிண்ணம் மல்லாட்டை, வேர்க்கடலைதான். வலது கையால் ஒவ்வொன்றாக எடுத்து அடுத்த கிண்ணத்தில் போட வேண்டும். அவர் என்னைப் பார்ப்பார், பிறகு கட்டிய கையைப் பார்ப்பார். முதல் மாதம் ஒன்றுகூட நகரவில்லை. போன வாரம் பதினொன்று போட்டார். முதல் மார்க் வாங்கிய பிள்ளைக்குத் தட்டுவதுபோல் நான் கை தட்டினேன். அப்பா அழுதார்.

அன்றுதான் அம்மாவிடம் கேட்கத் துணிந்தேன்.

"ம்மா, அன்னிக்கு நீ சொன்ன. நான்தான் கேக்கல."

"இன்னா சொன்னேன்?"

"அப்பா சரியா இல்லன்னு. ஆறரை மணிக்கு."

"நானா? நான் ஒண்ணும் சொல்லலியே. நல்லாத்தானே போனாரு."

"டாக்டர்கிட்டயும் நீதானேம்மா ஆறரைன்னு சொன்ன?"

"பயத்துல ஏதாச்சும் உளறியிருப்பேன். அதைப் போய் மனசுல வச்சிக்கினு இருக்கியா? எழுந்து பஸ்ஸுக்குக் கிளம்பு, மணியாவுது."

திரும்பத் திரும்பச் சொல்வதை மூளை நிஜமாக்கிக்கொள்ளும் என்று பிள்ளைகளுக்கு நடத்தியிருக்கிறேன். எனக்காக ஊரெல்லாம் சொன்ன பொய்யை அம்மா நம்பத் தொடங்கிவிட்டாளா, இல்லை இன்னும் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறாளா? அவள் முகத்தையே உற்றுப் பார்த்தேன். பொய் சொல்லும்போது அந்த முகம் எப்படி மாறும் என்று எனக்குத் தெரியவில்லை. இருபத்தைந்து வருஷம் ஒரே வீட்டில் இருந்தும், நான் அதை அவ்வளவாகப் பார்த்ததில்லை.