தார்ப்பாய்க்குள் சிறுவிடைகள்

லாரி ஓட்டி இடுப்பு போன பிறகு, செல்லமுத்து உளுந்தூர்பேட்டையை விட்டுக் கல்வராயன் மலை ஏறினார். மனைவி செந்தமிழ்ச்செல்விக்கு மேலே ஒரு பள்ளி விடுதியில் சமையல் வேலை. செல்லமுத்துவுக்கு வேலை என்றால், கூடவே கொண்டுவந்த சிறுவிடைக் கோழிகள்தான். சின்ன உடம்பு, பெரிய வாய், கோழிகளைத்தான் சொல்வது.

மார்கழியில் மேகம் நடந்தே வீட்டுக்குள் வந்தது. வேலி, எதிர்வீட்டு மாடு, எதிர்வீடு என்று ஒவ்வொன்றாகக் கரைந்தன. கோழிகள் இறகை உப்பிக்கொண்டு பஞ்சுப் பொதிகளாய் உட்கார்ந்தன. முட்டை நின்றுபோனது.

“தீனி மட்டும் குறையாம உள்ள போவுது. ஞாயித்துக்கெழம அந்தக் கருப்பிய கொழம்பு வெச்சிடறேன்,” என்றாள் செல்வி.

கருப்பி, மலையேறும்போது செல்லமுத்துவின் மடியிலேயே தூங்கிக்கொண்டு வந்த பெட்டை. அவர் பதறிப்போனார். அவருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான்: சரக்கு நனையாமல் கட்டுவது. பழைய தார்ப்பாயால் கூண்டை நாலு பக்கமும் மூடி, லாரி முடிச்சுப் போட்டு இறுக்கினார். அன்றைய கனவில் கூண்டே லாரியாகிப் பனிக்குள் சத்தமில்லாமல் மலையிறங்கியது. பின்னால் நின்ற கோழிகள் லாரி கிளீனர் மாதிரி, “வரலாம், வரலாம்,” என்றன.

தடுப்பூசி போட வந்த கால்நடை மருத்துவர் நிஷாத் தார்ப்பாயைத் தூக்கியதும் மூக்கைப் பொத்தினார்.

“இன்னாண்ணே இது, கோழிய பார்சல் அனுப்பப் போறீங்களா?”

“குளிருதே டாக்டர்!”

“குளிர் ஜாஸ்தியானா தைராய்டு ஹார்மோன் ஏறிக்கினு, தின்னதெல்லாம் உடம்புச் சூட்டுக்கே எரிச்சிடும். பதட்டத்துல ஊறுற ஹார்மோனும் கூடிச்சின்னா, முட்டைக்கு வேண்டிய ஹார்மோன் கம்மியாயிடும். நீங்க வேற உள்ள ஈரம், இருட்டுன்னு அடைச்சு வெச்சிருக்கீங்க. வெளிச்சம் பட்டாதாண்ணே அந்த முட்டை ஹார்மோன் முழிக்கும். காத்தடிக்கிற பக்கம் மட்டும் கட்டுங்க. கீழ காஞ்ச உமி போடுங்க. தீனியக் கூட்டுங்க.”

“எப்ப முட்ட வுடும்?”

“உடம்பு தேற வேணாமா? கொஞ்ச வாரம் ஆவும்.”

ஞாயிறு அதுவரை பொறுக்குமா? வந்துவிட்டது. செல்வி மசாலா அரைத்து வைத்துவிட்டுக் கருப்பியைத் தூக்கினாள். செல்லமுத்து கிளற வேண்டாத உமியைக் கிளறிக்கொண்டிருந்தார்.

கோழி உதறவில்லை. விறைத்துக் கிடந்த அவள் விரல்கள் அதன் நெஞ்சு இறகுக்குள் புதைந்தன.

“ஏங்க, உள்ள அடுப்பு மாரி எரியுது!”

“தின்னதெல்லாம் அதுக்குத்தான் போவுதாம்.”

அவள் கையை எடுக்கவேயில்லை. மேகம் வந்து மூவரையும் மூடி, மெல்ல விலகியது.

“மசாலா அரைச்சிட்டனே,” என்றாள்.

“உருளக்கெழங்கு கீதே!” என்றார் அவர், மூச்சுவிடாமல்.

செல்வி கோழியைக் கீழே விட்டு, ஒரு கை கம்புத் தானியத்தைக் கூடுதலாகவே இறைத்தாள்.