‘பட்டாசின்’ குரல்

எங்கள் வார இதழில் ‘அப்புறம் என்ன ஆனார்?’ என்ற பக்கத்தை எழுதுகிறவன் நான். ஒரு காலத்தில் ஊரே கொண்டாடியவர்களைத் தேடிப்பிடித்து, இப்போது எப்படிக் கஷ்டப்படுகிறார்கள் என்று எழுத வேண்டும். யாராவது சௌக்கியமாக இருந்து தொலைத்தால் ஆசிரியர் முகம் சுண்டிவிடும். “படிக்கிறவங்க கண்ணுல தண்ணி வரணும்யா” என்பார். அவர் கண்ணில் தண்ணீர் வந்து நான் பார்த்ததில்லை.

இந்த முறை என் தலையில் கட்டப்பட்டவர் ‘பட்டாசு’. என் வயதுக்காரர்களுக்கு அந்தப் பட்டப்பெயரே போதும். எட்டு வயதில், அரைக்கால் சட்டையோடு, நெட்டை வில்லனை நிமிர்ந்து பார்த்து, “நான் வளர்ந்து வர்றேன், அதுவரைக்கும் அங்கேயே நில்லு!” என்று விரலை ஆட்டிய பொடியன். அந்த வசனத்தை நம்பி நான் பள்ளிக்கூடத்தில் ஒரு தடியனிடம் விரலை ஆட்டியிருக்கிறேன். அவன் அங்கேயே நிற்கவில்லை.

பழைய இதழ்களைப் புரட்டியதில் பதினோரு படங்கள் தேறின. பதிமூன்று வயதுக்குப் பிறகு ஒரு துணுக்குச் செய்திகூட இல்லை. அவருக்கு மேக்கப் போட்ட பெரியவரைப் பிடித்தேன்.

“ஒரே வருஷத்துல மளமளன்னு வளந்துட்டான். மூஞ்சி எட்டாம நான் ஸ்டூல் போட்டுல்ல பவுடர் போட்டேன்! பத்தொன்பது வயசுல மறுபடியும் சான்ஸ் கேட்டு வந்தான். அந்த வசனத்தைப் பேசுன்னாங்க. பேசினான். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சுட்டாங்க.”

“ஏன் சிரிச்சாங்க?”

பெரியவர் பிடிகொடுக்கவில்லை. “அவன்கிட்டயே கேளுங்க. டிரைவிங் ஸ்கூல் வச்சிருக்கான்.”

போய் நின்றேன். நாற்பத்துநாலு வயது, ஆறடி உயரம். குரல் கரகரவென்று, தகரத்தைத் தரையில் இழுப்பதுபோல இருந்தது. “இப்ப கிளாஸ் இருக்கு. பின்சீட்டுல உக்காந்து கேளுங்க. பெல்ட் போட்டுக்குங்க. நல்லா இறுக்கிப் போட்டுக்குங்க” என்றார்.

ஓட்டும் இருக்கையில் ஐம்பதை நெருங்கும் ஓர் அம்மாள், யாரோ பிடுங்கிக்கொள்ள வருவதுபோல ஸ்டியரிங்கைப் பற்றியிருந்தார். அவருடைய அக்காவாம்.

“அக்கா, கிளட்ச்ச மெதுவா விடு.”

“மெதுவாத்தானேடா விடறேன்! இன்னும் எவ்வளவு மெதுவா விடறது?”

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். வயது ஏறியிருந்தாலும் அந்தக் குரலை எனக்குத் தெரியாதா? அது பட்டாசின் குரல்.

பக்கத்து இருக்கையிலிருந்த தம்பி கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். “கண்டுபிடிச்சிட்டீங்களா? எனக்கு எட்டு வயசுலயே இந்தத் தகரக் குரல்தான். டப்பிங் தியேட்டர்ல அக்கா பக்கத்துல நின்னு வசனம் எடுத்துக் கொடுப்பா. அப்ப அவளுக்குப் பன்னெண்டு வயசு. டைரக்டர் என்னைத் தள்ளிட்டு அவளை மைக் முன்னாடி நிறுத்திட்டாரு. பதினோரு படமும் அவதான். வெளிய சொல்லக்கூடாதுன்னாங்க. சொல்லல.”

பத்தொன்பது வயதில் ஏன் சிரித்தார்கள் என்பது அப்போதுதான் விளங்கியது. அதன் பிறகு ஆறு வருடம் ஒரு சரக்குக் கிடங்கில் மூட்டை தூக்கியிருக்கிறார். வாயைத் திறக்காமல் செய்யக்கூடிய வேலை என்பதற்காகவே அதைத் தேடிக்கொண்டாராம். வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டு, பிறகு கற்றுக்கொடுக்கப் போனபோது கத்தாமல் முடியவில்லை. அப்படித்தான் பேச்சு திரும்பியிருக்கிறது. அந்த ஒரு வரியை மட்டும் அதற்கப்புறம் சொன்னதே இல்லை.

“இதை எழுதுங்க. யாராவது குரலைப் பாராட்டினா எனக்குத் திருடின மாதிரி இருக்கு. அதுக்குத்தான் உங்களை வண்டில ஏத்திக்கிட்டேன்.”

“எழுதாதீங்க தம்பி” என்றார் அக்கா பட்டென்று. “என் குரலாலதான் அவன் பொழப்பு போச்சு. மிச்சம் இருக்கறது அந்தப் பேரு ஒண்ணுதான். அதுவும் பாதி பொய்யின்னு ஊர் சிரிக்கணுமா? ஒரு தடவை சிரிச்சது பத்தாதா? நீங்க எழுதினா நான் இல்லவே இல்லைன்னு சொல்லிடுவேன்.”

வண்டி ஒரு சிக்னலில் சிவப்புக்கு நின்றிருந்தது. எழுதுவதா வேண்டாமா என்று நான் இருவரையும் மாறி மாறிப் பார்த்தேன். இந்தப் பேச்சில் சிக்னல் பச்சையானதை மூவருமே கவனிக்கவில்லை. பின்னால் ஹாரன் கிளம்பியதும் அக்கா பதறி கிளட்சை விட, வண்டி குலுங்கி நின்றது. மறுபடி ஸ்டார்ட் செய்தார், மறுபடி நின்றது. பின்னாலிருந்த வேன் டிரைவர் தலையை வெளியே நீட்டி, அக்காவுக்கு வண்டி எதற்கு, வீட்டில் வேறு வேலை இல்லையா என்று ஆரம்பித்தார்.

தம்பி கதவைத் திறந்து இறங்கினார். ஆறடியும் நிமிர, விரலை நீட்டி, அந்தத் தகரக் குரலிலேயே கத்தினார்:

“நான் வளர்ந்து வர்றேன், அதுவரைக்கும் அங்கேயே நில்லு!”

ஹாரன் நின்றுவிட்டது. வேன் டிரைவருக்கும் என் வயதுதான் இருக்கும். வாயைப் பிளந்தார். “அண்ணே! பட்டாசு மாதிரியே பண்றீங்களே! குரல்தான் கொஞ்சம் இடிக்குது.”

“நான்தாங்க பட்டாசு. குரல் இவங்களோடது. எங்க அக்கா.”

“சும்மா கதை விடாதீங்க. எங்க, சொல்லச் சொல்லுங்க பாப்போம்!”

அக்கா ஸ்டியரிங்கை விடவில்லை. நேராகப் பார்த்தபடி, சன்னலுக்கு வெளியே கேட்கும்படி, எட்டு வயதுப் பொடியனாக அந்த வசனத்தைச் சொன்னார். வேன் டிரைவர் கைதட்டிச் சிரித்தார். பக்கத்தில் நின்ற இரண்டு ஸ்கூட்டர்களும் சிரித்தன. அதற்குள் சிக்னல் மறுபடி சிவப்பாகியிருந்தது. அதைப் பற்றி ஒருவரும் முணுமுணுக்கவில்லை.

தம்பி ஏறி உட்கார்ந்ததும் அக்கா கேட்டார்: “சிரிச்சாங்கல்லடா?”

“சிரிச்சாங்கக்கா.”

“நல்லாத்தான்டா சிரிச்சாங்க.” முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். “சரி தம்பி, எல்லாத்தையும் எழுதிக்குங்க. வண்டி நின்னுபோனதை மட்டும் எழுதிடாதீங்க.”

மன்னிச்சுக்குங்க அக்கா.