கழற்றாத பெயர்

ஷாஹிநாஸுக்கு வாயடக்கம் கிடையாது என்பது அலெக்ஸாண்ட்ரியாவின் அந்த மருத்துவமனை முழுக்கத் தெரியும். டிராம் ஓட்டிய அப்பாவிடமிருந்து வந்த குணம் அது. அவர் மணியடித்தால் மந்திரியின் காரும் தண்டவாளத்தை விட்டு ஒதுங்கியாக வேண்டும். மகள் மருத்துவமனையின் தரவுத்தளத்தைப் பார்த்துக்கொள்ளும் இன்ஜினியர்.

வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே சண்டைதான். டாக்டரோ நர்ஸோ, யார் கணினியில் எதைத் தட்டினாலும், நடுவில் இருக்கும் அப்ளிகேஷன் சர்வர் தன்னுடைய ஒரே பெயரில்தான் தரவுத்தளத்துக்குள் போகும். அத்தனை பேரும் அங்கே ஒரே ஆள். தப்பு நடந்தால் யாராவது ஓர் இளிச்சவாயன் தலையில் கட்டிவிடலாம். “பின்னால நிக்கிற ஆளோட பேரையும் சேத்து அனுப்பணும்” என்று ஒற்றைக்காலில் நின்றாள். வேகம் குறையும் என்றார் பிரிவுத் தலைவர் வஜீஹ்; மரியாதைக்கு எல்லோரும் அவரை ‘உஸ்தாத்’ என்பார்கள். ஓட்டிக் காட்டினாள், குறையவில்லை. அன்றுமுதல் ஒவ்வொரு மாற்றத்தின் பக்கத்திலும் செய்தவர் பெயர் பதிவாயிற்று.

அந்தப் பதிவுதான் இப்போது ரஊஃபாவின் கழுத்தைப் பிடித்தது. ரஊஃபா குழந்தைகள் வார்டின் மூத்த நர்ஸ். சில மருந்துகளின் உச்ச அளவு திடீரென்று தப்பாக மாறியிருந்தது. மருந்தாளுநர் கவனித்துவிட்டதால் எந்தப் பிள்ளைக்கும் ஒன்றும் ஆகவில்லை. மாற்றியவர் பெயர் என்ற இடத்தில் ரஊஃபா என்று இருந்தது.

“நீங்க கொண்டுவந்த ஏற்பாடுதானே, இன்ஜினியரம்மா? அதுவே சொல்லுது. இந்த அறிக்கையில கையெழுத்தப் போடுங்க, அந்தம்மாவ வீட்டுக்கு அனுப்பிடலாம்” என்றார் வஜீஹ். அவர் குரலில் இருந்த சந்தோஷத்தை மறைக்கக்கூட அவர் முயலவில்லை.

ரஊஃபா மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். கையிலிருந்த, மொச்சை மசியல் வைத்த ஃபூல் சாண்ட்விச்சை இன்னும் கடிக்கவில்லை.

“எனக்கு அந்த மருந்து அளவுப் பக்கத்தத் திறக்கக்கூடத் தெரியாது கண்ணு. காய்ச்சல் எவ்வளவுன்னு ஏத்துவேன், அவ்ளோதான்.”

“தெரியும். சாப்பிடுங்க. ஆறிப்போனா அதுக்கும் உங்க மேலதான் பழியப் போடுவாங்க.”

ஷாஹிநாஸ் சர்வரின் தடப்பதிவைத் திறந்து வரிவரியாகப் படித்தாள். சர்வர் ஒரு வேலைக்காகக் கொடுத்த தரவுத்தள இணைப்பை, அது முடிந்ததும் வாங்கி அடுத்த வேலைக்குக் கொடுக்கும். ரஊஃபா ஒரு பிள்ளையின் காய்ச்சல் அளவை ஏற்றியிருந்தாள். இணைப்பில் அவள் பெயர் ஏறியது. அடுத்து அதே இணைப்பு, மருந்து அளவுக் கோப்பைத் தானாக ஏற்றும் நிரலுக்குப் போயிருந்தது; தப்பான அளவு அந்தக் கோப்பிலேயே இருந்தது. நிரலுக்குப் பின்னால் ஆளே இல்லை, அதனால் அனுப்பப் பெயரும் இல்லை. பழைய பெயர் அப்படியே தங்கிவிட்டது. பெயர்ப்பட்டையைக் கழற்றாமல் அடுத்தவருக்குக் கொடுத்த வெள்ளைக் கோட்டு மாதிரி. பெயரை ஏற்றும் வரிகளை எழுதியது ஷாஹிநாஸ்தான். இறக்கும் வரியை எழுத மறந்ததும் அவள்தான். அவமானத்தில் காது சுட்டது. ஒரு வரியைப் பார்த்த மாத்திரத்தில் ஒருத்தியின் பிழைப்பைக் கெடுக்கத் துணிந்தவர்களை நினைத்தபோது அதைவிட அதிகமாகச் சுட்டது.

மறுநாள் இயக்குநர் அறையில், “தப்பு என்னோடது” என்றுதான் தொடங்கினாள். வஜீஹ் சிரித்தார்.

“இருங்க உஸ்தாத்.” தன் கணினியை அவர் பக்கம் திருப்பினாள். “ இது சோதனை சர்வர். ஒரே ஒரு இணைப்புதான் விட்டிருக்கேன், அடுத்த வேலைக்கும் அதேதான் போகும். உங்க பேருல உள்ள போய், லீவு எத்தன நாள் பாக்கின்னு கொஞ்சம் பாருங்க.”

அவர் பார்த்தார். அவள் கோப்பு ஏற்றும் நிரலை ஓட்டினாள். சுவர்த் திரையில் மருந்து அளவுகள் மாறின. மாற்றியவர் பெயர்: வஜீஹ்.

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றினார்.

“நான் லீவுதானே பார்த்தேன்” என்றார் வஜீஹ், யாரிடம் என்றில்லாமல்.

“அவங்க காய்ச்சல்தானே ஏத்துனாங்க.” அறிக்கையை அவர் முன்னால் நகர்த்தினாள். “அதே தாள்தான். பேர மட்டும் மாத்திட்டுக் கையெழுத்துப் போடட்டுமா?”

வஜீஹ் தாளை நான்காகக் கிழித்தார்.

“விட்டுப்போன வரிய இன்னிக்கே எழுதிடுறேன்” என்றபடி ஷாஹிநாஸ் எழுந்தாள். “என்னால நடந்ததுக்கு நான் அவங்ககிட்ட மன்னிப்புக் கேட்டாச்சு. உங்களோடத வார்டுல எல்லார் முன்னாலயும் நீங்களே போய்க் கேளுங்க. வேற யார் பேருலயும் அனுப்பாதீங்க.”